இரண்டாவது கோல்கீப்பரின் அம்மா

ஹாக்கியில் பதினோரு பேர் களத்தில் ஆடுவார்கள், ஏழு பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள், அந்த ஏழு பேரையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றி மாற்றி உள்ளே அனுப்பலாம். ஆவடி மைதானத்தில் என் மகளைச் சேர்த்த அன்று ஹாக்கி மாஸ்டர் எனக்கு இப்படித்தான் விளக்கினார். கோல்கீப்பரை மட்டும் லேசில் மாற்ற மாட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது. பன்னிரண்டு வயதில் என் மகள் கோல்கீப்பராகத்தான் ஆடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த அணியில் ஏற்கெனவே ஒரு கோல்கீப்பர் இருந்தாள்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் ஊரில் பையன்கள் நடக்கப் பழகியதும் ஹாக்கி மட்டையைத் தூக்கிவிடுவார்கள். என் அண்ணன்கள் இருவரும் ஆடினார்கள். நான் மட்டையைத் தொட்டதுகூட இல்லை, யாரும் தொடச் சொன்னதும் இல்லை. கல்யாணமாகி, கணவருக்குச் சென்னையில் ஐ.டி. வேலை கிடைத்து, பருத்திப்பட்டு ஏரி தெரிகிற ஒரு அடுக்குமாடியில் குடியேறி, நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகங்களைப் பரிசோதிக்கிற வேலையில் சேர்ந்த பிறகு, மகள் பள்ளியிலிருந்து வந்து ‘ஹாக்கி’ என்ற சொல்லைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் பாதி எனக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது.

முதல் கோல்கீப்பர் பூந்தமல்லிப் பெண். என் மகளின் வயதுதான், ஒரு தலை உயரம் கூட. அவளுடைய அப்பா, அவள் சொல்வதுபோல் அத்தா, அங்கே கார் சீட்டுகளுக்கு உறை தைத்துப் போடும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் என்பதால் மேட்ச் பார்க்க அவரால் வர முடியாது. மாலையில் பயிற்சிக்கு அவள் பூந்தமல்லியில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவைத்திருப்பாள், பருத்திப்பட்டில் என் மகள் ஏறிக்கொள்வாள். மேட்ச் நாட்களில் இரண்டு பேரையும் நான்தான் கூட்டிப்போவேன். எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டுகூட இருந்தது, ஓரம் நெளிந்த எவர்சில்வர் தட்டு. அதில்தான் சாப்பிடுவாள்.

அவள் நல்ல கோல்கீப்பர். ஆட்டம் தெரியாத எனக்கே அது தெரிந்தது. பந்து வரும் முன்பே அவள் கால் அந்தப் பக்கம் போய்விடும். என் மகள் பந்து வந்த பிறகு போவாள். தைரியசாலிதான், விழுந்து தடுப்பாள், முட்டி தேய எழுந்து சிரிப்பாள். ஆனாலும் அந்த அரை நொடி அவளுக்கு வாய்க்கவே இல்லை.

கிளப்பில் ஒரே ஒரு கோல்கீப்பர் செட்தான் இருந்தது. காலுக்குக் கட்டும் பேடு, பாதத்துக்கு மேல் மாட்டும் கிக்கர், நெஞ்சுக்கவசம், ஹெல்மெட், கையுறை எல்லாம் பஞ்சு பிதுங்கி, வார் அறுந்து கிடந்தன. ஜலந்தரிலிருந்து மகளுக்குப் புது செட் ஒன்றை வரவழைத்தேன். பெட்டி வந்த அன்று வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அவள் நடந்த நடைக்கு, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார்.

அடுத்த வாரம் மாஸ்டர் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். தொழிற்சாலை வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேராக மைதானத்துக்கு வருகிற மனிதர். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பழைய செட்டப் போட்டுக்கினு ஆடுனா அந்தப் பொண்ணுக்குக் காலு போய்டும். உங்க பொண்ணோடத மேட்ச்ல அதுவும் போட்டுக்கட்டுமா?”

“இதுல என்ன சார் இருக்கு, தாராளமா போட்டுக்கட்டும்” என்றேன். மனதாரச் சொன்னதுதான். அதற்கு மறுவாரம் பேடின் வார் ஒன்று பிய்ந்தபோது, அந்தப் பெண்ணின் அத்தா அதைக் கடைக்கு எடுத்துப்போய், ரெக்சின் வைத்து இரட்டைத் தையல் போட்டு, கம்பெனிக்காரன் தைத்ததைவிட உறுதியாகக் கொடுத்தனுப்பினார்.

பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிகள் தொடங்கின. முதல் மேட்ச், இரண்டாவது, மூன்றாவது. என் மகளின் பேடைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் கோலுக்குள் நின்றாள். என் மகள் தண்ணீர் பாட்டில் தூக்கினாள். மற்ற பிள்ளைகளெல்லாம் ஐந்து நிமிடமாவது உள்ளே போய் வந்தார்கள், மட்டை பிடிக்கத் தெரியாத பிள்ளைகூட. கோல்கீப்பர் மட்டும் மாறவில்லை. ஐந்தாவது மேட்சில் நாங்கள் ஆறு கோல் முன்னிலையில் இருந்தோம். இன்றைக்காவது கடைசிப் பத்து நிமிடம் இறக்குவார் என்று நான் மாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தோன்றவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் குளிக்கப் போனாள். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன்.

“என்னடி பண்ற?”

மறுபடியும் தட்டினேன். “ஒரே ஒரு தடவம்மா” என்றாள் உள்ளிருந்து. “ஒரே ஒரு மேட்ச். அவ நல்லா ஆடுறா, எனக்கும் தெரியும். ஆனா நான் எதுக்கு அங்க இருக்கேன்னே தெரியல.”

பெற்றவளுக்கு அதைக் கேட்டபிறகு சோறு இறங்குமா? சீசன் தொடங்கும் முன் பெற்றோர்களைக் கூட்டி, “எல்லாப் புள்ளயும் ஆடும், அதுக்கு நான் கேரண்டி” என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். நடப்பது அநியாயம் என்று கணவரிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், தொலைபேசியில் அண்ணனிடம் சொன்னேன். “கீப்பர்னா அப்படித்தான்மா” என்றான் அண்ணன். அவன் மீதும் கோபம் வந்தது. நான் வாங்கிய பேடு, என் மகளுடைய பேடு என்ற எண்ணம் எப்போது உள்ளே நுழைந்தது என்று சொல்ல முடியவில்லை. யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் அது அடிக்கடி வந்துபோயிற்று.

அரையிறுதி நகரத்துக்குள், நீலநிறச் செயற்கைத் தரை போட்ட மைதானத்தில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் அதுவரை கிராவல் தரையில் மட்டுமே ஆடியவர்கள். ஆவடியிலிருந்து எலக்ட்ரிக் ரயிலில் போனோம். இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பாக்கெட்டிலிருந்து முறுக்கு தின்றுகொண்டு, பேடுப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

மைதானத்தில் பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது நான் மாஸ்டரைச் சுவரோரம் கூப்பிட்டேன்.

“சார், இன்னைக்கு எம்பொண்ண இறக்குங்க. பாதி மேட்ச் போதும்.”

“இன்னைக்கா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னைக்கு வேணாம்மா. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க ரெண்டு பேர் வந்துகீறாங்க. அந்தக் குடைக்கடியில உக்காந்துனுகீறாங்க பாருங்க. கீப்பர் வேணும்னு என்னாண்டயே கேட்டாங்க. நம்ம பூந்தமல்லிப் பொண்ணப் பாக்கத்தான் வந்ததே.”

பார்த்தேன். டிராக் சூட் போட்ட ஓர் அம்மாள், பக்கத்தில் ஒருவர், அம்மாள் மடியில் நோட்டு.

“இன்னைக்கு இல்லேன்னா எப்ப சார்? தோத்துட்டா அடுத்த மேட்சே கிடையாது. எல்லாரும் ஆடுவாங்கன்னு நீங்கதான வாக்குக் கொடுத்தீங்க?”

“இல்லேன்னு சொல்லலியே...”

“முதல் பாதி அவ ஆடட்டும், அவங்க பார்த்துக்கட்டும். ரெண்டாவது பாதி எம்பொண்ணு. ஆளுக்குப் பாதி. இதுல யாருக்கு நஷ்டம் சார்?”

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, கீழே கிடந்த பேடுப் பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தப் பார்வையில் எல்லாம் முடிந்துவிட்டது. “சரிம்மா” என்றார்.

ஆளுக்குப் பாதி. அதைவிட நியாயமான கணக்கு உலகத்தில் உண்டா என்றுதான் அன்று நினைத்தேன்.

முதல் பாதியில் எங்கள் பிள்ளைகள் பிரமாதமாக ஆடினார்கள். பந்து எதிரணியின் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு கோலும் போட்டோம். நான் கைதட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கள் கோலைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் தனியாக நின்று, மட்டையால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு தட்டிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்தில் ஒரே ஒரு பந்து அவளிடம் வந்தது, அதுவும் உருண்டு வந்தது. காலால் தள்ளிவிட்டாள். குடைக்கடியில் இருந்த அம்மாள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன இருந்தது?

இடைவேளையில் மாஸ்டர் மாற்றச் சொன்னார். செட்டைக் கழற்றி மாட்ட நேரமாகும் என்பதால் நானும் ஓடினேன். அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. பேடுகளை அவிழ்த்து, குனிந்து, என் மகளின் காலில் தானே கட்டிவிட்டாள். என் மகளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. “லெஃப்ட்ல வர்ற பதினோராம் நம்பரப் பாத்துக்கோ, அவதான் அடிப்பா” என்று அந்தப் பெண் சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டாவது பாதியில் எதிரணி வேறு அணியாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் களைத்துப்போனார்கள். பந்து அலை அலையாக எங்கள் பக்கம் வந்தது. என் மகள் விழுந்தாள், எழுந்தாள், இரண்டு நல்ல பந்துகளைத் தடுத்தாள். அந்தப் பதினோராம் நம்பர் முதல் கோலைப் போட்டாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது கோல் என் மகளின் இரண்டு கால்களுக்கும் நடுவே போயிற்று. வெளியே கோடு ஓரமாக, வியர்வை ஊறிய பனியனோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பெண் நின்று, “பரவால்ல, பரவால்ல, எந்திரி” என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

டிராக் சூட் அம்மாள் எழுந்து மாஸ்டரிடம் வந்ததைப் பார்த்தேன். “நல்ல கீப்பர்னு சொன்னீங்க, பாக்கறதுக்குள்ள ஏன் மாத்துனீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு பேருக்கும் சான்ஸ் குடுக்கணும் இல்லீங்களா மேடம்” என்றார் மாஸ்டர். என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும் ரயிலில் முறுக்கு இல்லை. என் மகள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் அவள் தோளில் கைபோட்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. எங்கள் அணியிலிருந்து முன்னால் ஆடுகிற இரண்டு பிள்ளைகளை எடுத்திருந்தார்கள். அன்றைக்குக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு அந்தப் பெண்ணின் அத்தா மைதானத்துக்கு வந்தார். அவரை நான் அதிகம் பார்த்ததில்லை. சட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

“எம்பொண்ணு அன்னிக்கு இன்னா தப்பு பண்ணுச்சு சார்?” என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர்போல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“தப்பு ஒண்ணுமில்ல பாய். பந்து வரல, அவ்ளோதான். அடுத்த வருசம் பாக்கலாம்.”

“அடுத்த வருசம் பதினாலு தாண்டிடுதே. அப்புறம் இங்க டீமே கெடையாதுன்றீங்களே.”

உண்மை அதுதான். எங்கள் பக்கத்தில் பெரிய பெண்களுக்கு அணி கிடையாது. விடுதியில் இடம் கிடைத்தால் ஆட்டம் தொடரும், இல்லையென்றால் நின்றுபோகும். இது எனக்கு அன்றுதான் தெரியும் என்று சொல்ல ஆசைதான். முன்பே தெரியும். பெற்றோர் கூட்டத்தில் அதையும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேண்டிய வாக்கியத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் கிளம்பும்போது என்னிடம் வந்தார். “உங்க பேடு இல்லேன்னா எம்பொண்ணு இவ்ளோ தூரமே வந்திருக்காதும்மா. ரொம்ப தேங்க்ஸ்” என்று கையைக் கூப்பினார். நானும் கும்பிட்டேன். இன்றுவரை என் கைகள் செய்த காரியங்களில் அதை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

கொஞ்ச நாளில் என் மகளுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. அணியில் இன்னொரு பிள்ளையின் அம்மா சொல்லியிருக்கவேண்டும். சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“நீ போய் சார்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன். நீதான ஒரு தடவன்னு சொன்ன?”

“உங்கிட்ட அழுதேம்மா. சார்கிட்ட சொல்லுன்னு சொன்னேனா?” ஓர் எட்டு உள்ளே வந்தாள். “அவளப் பாக்க ஆள் வந்திருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுடி” என்றேன்.

வாய் அவ்வளவு சுலபமாக அதைச் சொல்லிற்று. அவள் நம்பினாள். நம்பியும்கூட மறுநாளிலிருந்து மைதானத்துக்குப் போகவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கணவர் சொன்னார், மாஸ்டரே வீடு தேடி வந்தார். “நான் நின்ன எடம் என்னோடது இல்ல சார்” என்று அவரிடம் சொன்னாள். மாஸ்டர், நான் கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் ஒரு மாதம்வரை பருத்திப்பட்டு நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் வேலைவிட்டு வரும்போது ஒருநாள் அதைக் கண்டேன். மறைந்து நின்றுகொண்டேன்.

சீசன் முடிந்தது. அந்த அணியும் முடிந்தது. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு டியூஷன் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. சென்ற மாதம் ஐயப்பன்தாங்கலில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு, டிப்போவில் பூந்தமல்லி பஸ் ஏறினேன். காட்டுப்பாக்கத்தில் ஒரு பெண் ஏறினாள். தோளில் புத்தகப் பை. இன்னும் உயரமாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எப்டி இருக்கீங்க ஆன்ட்டி?”

பன்னிரண்டாம் வகுப்பு என்றாள். பார்மசி படிக்கலாம் என்று இருக்கிறாளாம். அத்தாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்ததாம், கடையை அண்ணன் பார்த்துக்கொள்கிறானாம். மெட்ரோ தூண்களுக்கு நடுவே பஸ் நகராமல் நின்றது. ‘ஹாக்கி ஆடுகிறாயா’ என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை. ஆனால் பேசாமல் இறங்கிப்போகவும் முடியவில்லை.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கு அரையிறுதியில உன்ன மாத்தச் சொன்னது நான்தான். ஆள் எடுக்க வந்திருக்காங்கன்னு சார் எங்கிட்டச் சொன்னாரு. தெரிஞ்சேதான் கேட்டேன்.”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“தெரியும் ஆன்ட்டி. அந்தச் சொவத்துக்கு அந்தாண்டதான் நான் ஷூ கட்டினு இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு.”

தெரிந்துகொண்டேவா அந்தப் பேடை அவிழ்த்தாள், தெரிந்துகொண்டேவா என் மகளின் காலில் கட்டிவிட்டாள்?

“அத்தாகிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னா உங்க ஊட்டுக்கு வர வேணாம்னு சொல்லிடுவாரு. எனக்கு அவ வேணும்னு இருந்துச்சு.” பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “அப்புறம் பாத்தா அவளும் வர்ல.”

“எம்மேல கோவம் இல்லியா?”

“இல்லேன்னு எப்டி ஆன்ட்டி சொல்றது?” என்றாள். குரலில் சூடு எதுவும் இல்லை. “நெறைய நாள் இருந்துச்சு. இப்போ படிக்கிறதுக்கே நேரம் பத்தல.”

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இருவரும் இறங்கினோம். “வரேன் ஆன்ட்டி” என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்து, கேட்காமலேயே நின்றேன். அவளிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கிக்கொண்டு போவதற்கு மனம் ஒப்பவில்லை.

வீட்டில் மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் பார்த்ததை, பேசியதை. அன்றைக்குச் சமையலறையில் ‘தெரியாது’ என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடி வைத்தாள். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

“அவ நம்பர் வாங்கினியா?” என்று கேட்டாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. “இல்ல” என்றேன்.

“சரி” என்று சொல்லி எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.